புலம்பெயர்ந்தோர் அமைத்த திருச்சபை: ஹவாய்த் தீவுக் கொரியர்

மாணவர்களே! புரட்டஸ்தாந்து திருச்சபைகளின் வரலாறு பற்றிய வினாக்களுக்கு விடையெழுதும்போது, "மிஷனரிமார் வந்தனர், சபையை நிறுவினர்" என்றே பெரும்பாலும் எழுதிவிடுகின்றீர்கள். தோட்ட வேலைக்குச் சென்றவர்கள் தாமாகவே ஒரு திருச்சபையை அமைத்த வரலாறும் உண்டு. அதனை இங்கு நோக்குவோம்.

1903 ஜனவரி 13 ஆம் திகதி ஏறத்தாழ 100 கொரியரை ஏற்றிய கப்பல் ஒன்று ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர். அவர்களுட் பலர் கொரியாவின் இஞ்சொன் நகர மெதடிஸ்த சபையினர். 1905 வரை 7,000 இற்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். அக்கராயன் போன்ற வன்னிக் கிராமங்களில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டு. அங்குள்ள முதியோரிடம் தோட்ட வாழ்க்கை பற்றிக் கேட்டுப் பாருங்கள். இப்பகுதி உங்களுக்கு இலகுவில் விளங்கும்.

1903 நவம்பரிலேயே ஹொனலூலுவில் கொரிய மொழி ஆராதனை தொடங்கியது. வழிபாட்டுக்கு மட்டுமன்றி, பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கவும் ஊர்ச் செய்தி அறியவும் அவர்களுக்கு இருந்த இடம் கோயில்தான். ஆனால் அதிகாரம் அமெரிக்க மெதடிஸ்த மேற்பார்வையாளரிடம் இருந்தது.

1910 இல் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1912 இல் அம்மேற்பார்வையாளர் கொரியருக்கான உதவி என்று ஜப்பானியத் தூதரகத்திடம் பணம் பெற்றபோது மக்கள் கொதித்தெழுந்தனர். நாட்டைப் பறித்தவனிடமா கையேந்துவது என்பதே அவர்களது கேள்வி. 1913 இல் ஹவாய்க்கு வந்த சிங்மன் றீ மெதடிஸ்தரின் கொரியப் பாடசாலைக்குத் தலைமை தாங்கினார். பின்னர் நிருவாகத்துடன் முரண்பட்டு, 1918 இல் கொரியக் கிறிஸ்தவ திருச்சபை என்னும் தனிச் சபைப்பிரிவை நிறுவினார். இவரே 1948 இல் தென் கொரியாவின் முதலாவது ஜனாதிபதியானவர்.

இப்பிரிவு விசுவாச வேறுபாட்டால் ஏற்பட்டதன்று. பணத்தையும் பாடசாலையையும் யார் நிருவகிப்பது என்பதே பிரச்சினை. றீயின் அரசியல் தலைமை ஆசையும் இதிற் கலந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கொரியர் எல்லோரும் அவரைப் பின்பற்றவில்லை. பலர் மெதடிஸ்தராகவே இருந்துவிட்டனர். 1903, 1918 ஆகிய ஆண்டுகளை மாற்றி எழுதாதீர்கள்: முன்னையது ஆராதனை தொடங்கிய ஆண்டு, பின்னையது தனிச் சபைப்பிரிவு தோன்றிய ஆண்டு.

ஹொனலூலுவின் லிலிஹா வீதியில் 1938 இல் இச்சபையினர் கட்டிய ஆலயத்தின் முகப்பு, சியோல் நகர அரண்மனையின் குவாங்வாமுன் வாயிலைப் போன்றது. திரும்பிச் செல்ல முடியாத ஊரின் வாயிலைத் தினமும் பார்க்கும் இடத்தில் எழுப்பிக்கொண்டார்கள்.

தமிழரிடையேயும் இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குச் சென்ற லுத்தரன் தமிழரின் சபைகள் 1907 அளவில் தொடங்கின. தாய்ச்சபையின் தொடர்பில் நீண்டகாலம் இயங்கிய இவை, 1960களில் சுயாதீனத் திருச்சபையாயின. இங்கு சண்டையின்றியே பிரிவு நிகழ்ந்தது.

1965 இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தளர்த்தப்பட்டதும் கொரியர் பெருந்தொகையாக அங்கு குடியேறினர். 1978 இல் அவர்கள் கொரிய அமெரிக்கப் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையை அமைத்தனர். இன்று அத்தகைய சபைகள் பலவற்றில் பெற்றோருக்குக் கொரிய மொழியிலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலுமாக ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆராதனைகள் நடக்கின்றன.