டீசல் எஞ்சின் ஆயில் ஏன் விரைவில் கறுக்கிறது?

டீசல் எஞ்சினில் புதிய ஆயில் ஊற்றிச் சிறிது தூரம் ஓடியதுமே அளவுக் கம்பியில் கறுப்பு தெரிவது ஆயில் கெட்டுவிட்டதற்கு அடையாளமன்று. எரிதலில் உண்டாகும் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடாதபடி, சிதறலூட்டி எனப்படும் வேதிப்பொருள் அவற்றைத் தனித்தனியே பிரித்து ஆயிலிலேயே மிதக்கவிடுகிறது என்பதே அதன் பொருள். அழுத்தத்தால் கடுஞ்சூடேறிய காற்றில் பீய்ச்சப்படும் டீசல், காற்றோடு முழுதும் கலக்குமுன்பே எரியத் தொடங்குவதால் கரி மிகுகிறது. பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் எரிபொருள் முன்கூட்டியே காற்றோடு கலந்துவிடுவதால் கரி குறைவு. ஆகவே டீசல் ஆயிலில் சிதறலூட்டியும், எரிபொருளின் கந்தகத்தால் விளையும் அமிலத்தை முறிக்கும் கால்சியம், மெக்னீசியக் காரச் சேர்மங்களும் பொதுவாகக் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன.

அதையே பெட்ரோல் எஞ்சினிலும் ஊற்றலாம் என்று கருதுவது தவறு. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மத்தில் உள்ள பாஸ்பரஸ், புகைபோக்கி வழியில் அமைந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உட்பரப்பில் படிந்து அதன் திறனைக் குறைப்பதால், மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் அதன் அளவு 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதனினும் கவனிக்கத்தக்கது, கால்சியம் மிகுந்த ஆயில், டர்போ பொருத்திய நேரடிப் பீய்ச்சல் பெட்ரோல் எஞ்சினில், பொறி தோன்றுமுன்பே எரிபொருள் தீப்பற்றத் துணைசெய்து, பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும் என்பதாகும். டப்பாவில் ஏபிஐ குறியீடு ‘எஸ்’ என்று தொடங்கினால் அது பெட்ரோலுக்கும், ‘சி’ என்று தொடங்கினால் டீசலுக்கும் உரியது. சில ஆயில்கள் இரண்டையும் பெற்றிருக்கின்றன.