ஜாவா பொருள்களின் தொடராக்க வடிவத்தைத் தீர்மானித்தல்: சுவடி விவரப் பதிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஜாவா நிரலின் நினைவகத்தில் உள்ள ஒரு பொருளைப் பிற நிரல்கள் படிக்கத்தக்க தரவு வடிவமாக மாற்றுவது சீரியலைசேஷன் எனப்படும் தொடராக்கம் ஆகும். நிரலகங்கள் இம்மாற்றத்தைத் தாமாகவே செய்து தருகின்றன. எனினும், அவை தரும் இயல்பு வடிவத்தை ஆராயாது ஏற்பின் எண்கள் பிறழ்தல், மறைக்க வேண்டியவை வெளிப்படுதல், தமிழ்ச் சொற்கள் தேடலில் அகப்படாமை ஆகிய குறைகள் நேரும். அவற்றைக் களையும் வழிகளை ஜாக்சன் நிரலகத்தின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜாவா, தொடராக்கம், ஜேசன், ஜாக்சன், ஒருங்குறி

முன்னுரை

1997-இல் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பிலேயே தொடராக்க வசதி இடம்பெற்றது. அது பொருளைப் பைட்டுகளின் வரிசையாக மாற்றியது. அவ்வரிசையை இயல்பாக மீட்டுப் படிக்கவல்லது மற்றொரு ஜாவா நிரலே. பல்வேறு மொழிகளில் எழுதப்பட்ட நிரல்கள் இணையவழித் தரவு பரிமாறத் தொடங்கியபின், எக்ஸ்.எம்.எல்., ஜேசன் போன்ற உரை வடிவங்கள் முதன்மை பெற்றன. ஜாவா பொருளை ஜேசனாக்கப் பரவலாகப் பயன்படும் நிரலகங்களுள் ஒன்று ஜாக்சன்.

ஓலைச்சுவடி ஒன்றின் விவரப் பதிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பதிவெண், சுவடியின் பெயர், மின்னுருவாக்கிய தேதி, உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகிய நான்கு பண்புகள் அப்பொருளில் உள்ளன எனக் கொள்வோம்.

இயல்பு வடிவமும் அதன் குறைகளும்

ஜாக்சன், பொருளின் பொதுப் புலங்களையும், கெட்டர் எனப்படும் பெறும் வழிமுறைகளையும் கண்டறிந்து அவற்றின் மதிப்புகளை எழுதுகிறது. தொலைபேசி எண்ணுக்குப் பொதுநிலைப் பெறும் வழிமுறை இருப்பின் அதுவும் வெளியே செல்லும். நிரலின் உட்பயன்பாட்டுக்காக எழுதப்பட்டதா, வெளியாருக்காக எழுதப்பட்டதா என்பதை நிரலகம் அறியாது.

பதிவெண்ணின் நிலை வேறு. ஜாவாவின் ‘லாங்’ வகை 64 பிட்டு முழு எண்; அதன் உச்ச மதிப்பு 9223372036854775807. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையோ 9007199254740991 வரையிலான முழு எண்களையே ஐயமின்றிக் காக்கும். ஆகவே, 9007199254740993 என்னும் பதிவெண்ணை எண்ணாக அனுப்பினால், உலாவி அதனை 9007199254740992 எனப் படிக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வேறொரு சுவடியின் பதிவு திறக்கப்படலாம்.

தேதியும் இத்தகையதே. ஜாக்சனின் 2-ஆம் தலைமுறைப் பதிப்புகளில், ‘லோக்கல்டேட்’ வகைக்கான இணைப்புக் கூறு சேர்க்கப்பட்டபின், 2024 ஜூன் 15 என்பது இயல்பாக [2024,6,15] என்னும் அணியாக வெளிவரும். பெறுவோர் "2024-06-15" என்னும் சரத்தை எதிர்பார்த்தால் பரிமாற்றம் முறியும்.

குறிப்புரைகள்வழி மாற்றம்

மேற்கண்ட குறைகளை அனோட்டேஷன் எனப்படும் குறிப்புரைகளால் நீக்கலாம். ‘ஜேசன்இக்னோர்’ என்னும் குறிப்புரை தொலைபேசி எண்ணை விலக்கும். ‘ஜேசன்ஃபார்மட்’ என்பதில் வடிவத்தைச் சரம் எனக் குறித்தால் பதிவெண்ணும் தேதியும் மேற்கோள் குறிகளுக்குள் சரமாக எழுதப்படும். ‘ஜேசன்ப்ராப்பர்ட்டி’ பண்பின் வெளிப்பெயரை நிலைப்படுத்தும். பின்னாளில் நிரலர் உட்பெயரை மாற்றினாலும் பெறுவோர் பாதிக்கப்படார். மூலநிரலைத் திருத்த இயலாத இனக்குழுக்களுக்கு, ‘மிக்ஸ்இன்’ முறையில் குறிப்புரைகளைத் தனியே எழுதி இணைக்கலாம்.

தனித் தொடராக்கி

மதிப்பையே ஆராய்ந்து மாற்ற வேண்டிய இடத்தில் குறிப்புரைகள் போதா. சுவடியின் பெயர் அத்தகையது. ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தை இருவகையாகக் குறிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒன்று, ககரத்துடன் எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் ஜாவாவின் சர ஒப்பீடு இவற்றை வேறுவேறாகவே கொள்ளும். ‘கொன்றைவேந்தன்’ எனத் தேடுபவருக்குப் பாதிச் சுவடிகள் அகப்படாமற்போவது இதனாலாகும்.

இதற்கு ‘எஸ்டிடிசீரியலைசர்’ என்னும் இனக்குழுவிலிருந்து தனித் தொடராக்கி ஒன்றை உருவாக்க வேண்டும். அதன் ‘சீரியலைஸ்’ வழிமுறைக்குள், ஜாவாவின் ‘நார்மலைசர்’ கொண்டு பெயரை என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றி எழுதினால் இருவகைக் குறிமுறைகளும் ஒன்றாகும். ‘ஜேசன்சீரியலைஸ்’ குறிப்புரையால் இத்தொடராக்கியைப் பெயர்ப் பண்புக்கு மட்டும் பொருத்துவது தக்கது. சர வகை முழுமைக்கும் பதிவுசெய்தால், மூல எழுத்துருவை மாற்றமின்றிக் காக்க வேண்டிய பண்புகளும் மாறிவிடும்.

இம்முறைக்கு வரம்புகள் உண்டு. ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு மாற்றாக ளகரத்தைத் தட்டச்சிட்டு ‘கெளரி’ என எழுதியிருப்பின், என்.எஃப்.சி. அதனைத் திருத்தாது, அது குறிமுறை வேறுபாடன்று, எழுத்துப் பிழை. மேலும், தொடராக்கி மாற்றுவது வெளிவடிவத்தை மட்டுமே. நினைவகத்தில் உள்ள பெயர் பழையபடியே இருக்கும். எனவே உள்ளீட்டின்போதே ஒருமைப்படுத்துவதே முதன்மை வழி. தொடராக்கியைக் கடைசிக் காவலாகவே கொள்ளல் வேண்டும்.

மீட்டலும் சோதனையும்

எழுதும் முறையை மாற்றுவோர் படிக்கும் முறையையும் உடன் கருத வேண்டும். ‘ஜேசன்இக்னோர்’ இடப்பட்ட பண்பு எழுதப்படாததோடு படிக்கப்படுவதுமில்லை. அவ்வாறு மீட்ட பொருளை அப்படியே தரவுத்தளத்தில் சேமித்தால் முன்பிருந்த தொலைபேசி எண் அழிய நேரும். ஆதலின், பொருளை ஜேசனாக்கி, மீண்டும் பொருளாக்கி, இரண்டையும் பண்புதோறும் ஒப்பிடும் சோதனை இன்றியமையாதது. அச்சோதனையில் 16 இலக்கத்துக்கு மேற்பட்ட பதிவெண்ணும், ஒகர, ஓகார, ஔகாரம் பயிலும் பெயர்களும் இடம்பெறல் நலம்.

முடிவுரை

தொடராக்க வடிவம் என்பது தரவை அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் இடையிலான உடன்பாடு. நிரலகத்தின் இயல்பு வடிவம் அவ்வுடன்பாட்டுக்கான தொடக்க ஊகமே. எதனை வெளியிடுவது, எண்ணையும் தேதியையும் எவ்வாறு குறிப்பது, எழுத்தை எக்குறிமுறையில் நிலைநிறுத்துவது என்பவற்றைத் தரவின் இயல்பை அறிந்தோரே தீர்மானிக்க வேண்டும். தமிழ்த் தரவைப் பொறுத்தவரை, எழுத்திலக்கணம் அறிந்த ஆய்வாளரும் நிரலரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணி இது.