பத்துப் பெட்டியில் ஒரு வாசனை

மோப்ப நாய் என்றதும் நமக்குக் காவல்துறைதான் நினைவுக்கு வரும். அந்த வேலையை வீட்டு நாய்களுக்கான விளையாட்டாக மாற்றியவர்கள் கலிபோர்னியாவின் பயிற்சியாளர்கள் சிலர். அமெரிக்கன் கென்னல் கிளப் 2017இல் இதைத் தன் போட்டிகளில் சேர்த்துக்கொண்டது. இன்று அங்கே ஊர்ச் சங்கங்களே இதை நடத்துகின்றன.

பார்க்க எளிய ஆட்டம். தொடக்கநிலைப் பெட்டிப் பிரிவில் ஒரே மாதிரியான பத்து அட்டைப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் பிர்ச் மர எண்ணெய் தொட்ட பஞ்சுக்குச்சி இருக்கும். மேல்நிலைகளில் சோம்பு, கிராம்பு, சைப்ரஸ் எண்ணெய்களும் சேரும். நாய் உட்காரலாம், உறைந்து நிற்கலாம், உரிமையாளரைத் திரும்பிப் பார்க்கலாம். அந்தக் குறிப்பைப் படித்து "அலர்ட்" என்று சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான். தவறான பெட்டியைக் காட்டினால் சுற்று போயிற்று.

நாய்க்கு இது பெரிய காரியமில்லை. மூச்சு விடும்போது காற்று அதன் மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போய்விடுகிறது. எதிரே உள்ள வாசனை கலைவதில்லை. திண்டாட்டமெல்லாம் முதன்முறை நடத்தும் சங்கத்துக்குத்தான். எண்ணெய் பட்ட கையால் வெற்றுப் பெட்டியைத் தொட்டால் அதுவும் விடையாகிவிடும். பிர்ச் எண்ணெயில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் மணப்பதும் அதுதான். எனவே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்த தொண்டரை வாகன நிறுத்தத்துக்கு அனுப்பிவிடுவதே நல்லது! எண்ணெய் வைத்த பெட்டிக்குத் தனி ஆள், தனிக் கையுறை, மூடியிட்ட தனி டப்பா வேண்டும்.

அடுத்தது காற்று. குளிர்சாதனமோ திறந்த கதவோ வாசனையை இழுத்துப்போய் அறையின் மறுமூலையில் குவித்துவிடும். நாய் அங்கே முகர்ந்து நின்றால் அது நாயின் பிழையல்ல. போட்டியில் கலந்துகொள்ளாத, பழகிய நாய் ஒன்றை முதலில் ஓடவிட்டுப் பார்த்தால் இந்தக் கோளாறு தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் களத்தில் இறங்கும். மற்றவை வண்டிகளிலேயே காத்திருக்கும். அதனால் பிற நாய்களைக் கண்டு மிரளும் நாயும் கலந்துகொள்ளலாம். நிழலான, தாராளமான வாகன நிறுத்தமில்லாத மண்டபம் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். தேடி முடித்தவர் காத்திருப்பவரிடம் விடையைச் சொல்லிவிடாதபடி இருவருக்கும் வழியைப் பிரித்துவிட வேண்டும். களத்தில் சிறுநீர் கழிக்கும் நாய் தகுதி இழக்கும். ஆகவே அதற்கென ஓர் இடத்தை முன்பே காட்டிவிடுங்கள்.

மண்ணில் புதைத்தது, திறந்தவெளி என்று பிரிவுகள் இன்னும் உண்டு. எல்லாவற்றையும் நடத்தியாக வேண்டிய கட்டாயமில்லை. முதல் ஆண்டில் பெட்டிப் பிரிவும் உள்ளறைப் பிரிவும் போதும்.