திரைக்குப் பின்னால் குயில்

கலைத் திருவிழாவில் இயற்கை நாடகம் என்றால் பெரும்பாலும் ஒரு மரம் வரும். வெட்டாதீர்கள் என்று அழும். அது என்ன மரம் என்று வேடமிட்ட குழந்தையைக் கேட்டால் தெரியாது. நகரப் பள்ளிகளில் இது இன்னும் கூடுதல். இயற்கை என்றால் ஜவ்வாது மலை, செண்பகத்தோப்பு அணை என்று ஆரணிப் பிள்ளைகள் எங்கள் படவேட்டுப் பக்கம் கை காட்டுவார்கள்.

தம் தெருவில் இருப்பதை அவர்களே கண்டுபிடித்துப் பாட, எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் கைக்கெட்டிய வடிவம் ஒன்று உண்டு: தெருக்கூத்து. புரிசைக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேடக்காரர் நேராக முன்னே வந்துவிட மாட்டார். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றிப் பாடுவார். யார், எந்த ஊர், வந்த காரியம் என்ன என்று கட்டியங்காரன் துருவுவான். துரியோதனன் இடத்தில் ஒரு குயிலை நிறுத்துங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பார்க்காமல் பதில் எழுத முடியாது.

கூவுவது பெண்குயில் என்றே நம் பாட்டுகள் பழக்கிவிட்டன. நீட்டிக் கூவுவது ஆண். கறுப்பு உடல், சிவந்த கண். பெண்ணுக்குப் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள். அதன் குரல் கிக் கிக் என்று வெட்டி வெட்டி வரும். குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். காகமோ நகரத்தில் குச்சியோடு கம்பித் துண்டுகளையும் பொறுக்கிக் கூடு கட்டுகிறது. கோடையில் காகம் குயிலைத் துரத்துவதைப் பள்ளி வாசலிலேயே பார்க்கலாம். நாடகத்துக்கு வேண்டிய சண்டை அதிலேயே இருக்கிறது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும். கட்டியங்காரன் கேட்கட்டும், வகுப்பு வாதாடட்டும்.

ஆரணிக்கே உரிய வேடம் பட்டுப்பூச்சி. வீட்டில் தறி ஓடினாலும் பூச்சியைப் பார்த்த பிள்ளைகள் குறைவு. வீட்டுக்கு வருவது நூல்தானே. ஒரு கூட்டில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை இருக்கும். அது அறுபடாமல் வர, கூட்டுப்புழுவை உள்ளேயே கொன்றுவிடுகிறார்கள். முட்டைக்காக விடப்படும் பூச்சிக்கும், பல ஆயிரம் ஆண்டு வளர்ப்பினால், சிறகிருந்தும் பறக்க வராது. "ஏன் பறக்கவில்லை?" என்று கட்டியங்காரன் கேட்பான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை பதில் பாடும்போது அப்பாவின் தொழில் குற்றம்போல் ஆகிவிடக் கூடாது. அதற்காக அந்த வரியை வெட்டுவதும் சரியல்ல. தறியையும் ஒரு வேடமாக்கி, அதற்கும் ஒரு பாட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு வாரம் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். பிறகு, ஒவ்வொரு பாட்டிலும் தாமே கண்ட இரண்டு செய்தியாவது இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். மெட்டுக்குக் கும்மி போதும். பின்பாட்டு முழு வகுப்புக்கும் உரியது. வாயே திறக்காத பிள்ளை அங்கேதான் முதலில் பாடும். திரைக்கு ஒரு பழைய வேட்டி.