அடிபட்ட நாயைத் தேற்றுவது எப்படி?



2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையிலிருந்து வந்த ஒரு செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நாயை மொட்டை மாடியிலிருந்து தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். அந்தப் படம் ஊரெங்கும் பரவியபோது, நாய் செத்துப்போயிருக்கும் என்றுதான் பார்த்தவர்கள் எண்ணினார்கள். ஆனால் விலங்குகள்மீது அக்கறை கொண்ட சிலர் அந்த இடத்திற்கே தேடிப் போனார்கள். நாய் உயிரோடு கிடந்தது. பின்னங்காலில் எலும்பு முறிவு; முதுகெலும்பிலும் அடி. வைத்தியம் பார்த்தார்கள், 'பத்ரா' என்று பெயர் வைத்தார்கள், ஒருவர் தம் வீட்டிற்கே கொண்டுபோய் வளர்த்தார். பத்ரா தேறி எழுந்து நடந்தது.

அந்தக் கொடுமையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து, காலும் முதுகும் அடிபட்ட ஒரு நாய் பிழைக்க முடியும் என்றால், நம் வீட்டு வாசலில் அடிபட்டுக் கிடக்கும் நாயை 'இது இனித் தேறாது' என்று ஐந்து நிமிடத்தில் நாம் எப்படி முடிவு செய்கிறோம்? இதுதான் என் கேள்வி.

லூபோக் சீனா வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாக்கா மாநிலம் நெகிரி செம்பிலானைத் தொடும் எல்லைப் பகுதி அது. சுற்றிலும் செம்பனையும் பால்மரமும். அங்கே மாடியிலிருந்து விழும் ஆபத்து நாய்க்கு இல்லை. பனங்குலை ஏற்றிச் செல்லும் லாரியில் அடிபடுகிறது. காட்டுப்பன்றியைத் துரத்திப் போய்ப் பன்றியின் பல்லால் வயிறு கிழிந்து வருகிறது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் காலை மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து நொண்டி நொண்டி லயத்துக்குத் திரும்புகிறது. அப்போது வீட்டில் ஒருவர் 'அதைத் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம்' என்பார். பிள்ளைகள் அழுவார்கள். தாய் சம்பளக் காசை எண்ணிப் பார்ப்பாள்.

காசுப் பேச்சு வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே செலவைக் கேளுங்கள். எக்ஸ்ரேக்கு எவ்வளவு, அறுவைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்திற்கு முதலில் தொலைபேசியில் பேசி, எலும்பு முறிவைப் பார்ப்பார்களா, இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். முஸ்லிம் அன்பர் ஒருவரின் வண்டியில் நாயை ஏற்றச் சொல்லி அவரைத் தர்மசங்கடத்தில் விடுவது சரியல்ல. லயத்தில் வேன் வைத்திருப்பவர் யார், ராத்திரியில் கூப்பிட்டால் வருவாரா என்பதெல்லாம் நாய் அடிபடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

இனி முதல் அரை மணி நேரம். எவ்வளவு பாசமான நாயானாலும் வலியில் கடிக்கும். வளர்த்த கையென்று பார்க்காது. ஆகவே ஒரு நீளத் துணியை வாயைச் சுற்றிக் கட்டி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டு, காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்குங்கள். வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ வாயைக் கட்டக்கூடாது. இரத்தம் பீறிட்டால், சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் பத்து நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்கினால் உறைந்த இரத்தம் பிய்ந்துகொள்ளும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு வெள்ளையாக இருந்தால், வெளியே ஒரு கீறலும் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த நாயை விடியட்டும் என்று வைத்திருக்கக்கூடாது. தூக்கும்போது காலையும் கையையும் பிடித்துத் தூக்காமல், ஒரு பலகையிலோ கெட்டிச் சாக்கிலோ மெதுவாக நகர்த்தி ஏற்றுங்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால், தூக்குகிற விதத்திலேயே நாயின் கால்கள் என்றென்றைக்கும் செயலற்றுப் போகலாம்.

கம்பி சதைக்குள் புதைந்திருந்தால் இழுக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரிப் பின்னிய கம்பி, இழுக்க இழுக்க அறுக்கும். கட்டியிருக்கிற மரத்தோடு உள்ள பக்கத்தைக் குறடால் வெட்டி நாயை விடுவித்து, காலில் உள்ள மிச்சத்தோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இனி, செய்யவே கூடாத சில காரியங்கள். காயத்தில் காப்பித்தூள், மண்ணெண்ணெய், கருப்பெண்ணெய் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. மஞ்சளை அப்புகிறவர்களும் உண்டு. மஞ்சள் நல்லதாயிற்றே என்பீர்கள். குழம்பு நன்றாக இருக்கும். ஆனால் திறந்த காயத்தில் அப்பிய மஞ்சளை மருத்துவர் முதலில் சுரண்டிக் கழுவ வேண்டியிருக்கும். அந்தச் சித்திரவதை நாய்க்குத்தான். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. அந்த நீரால் காயத்தைக் கழுவினால் போதும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரோஃபென் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பாழாக்கும். நோயாளிக்கு ஒத்துப்போகிற மருந்து நாய்க்கும் ஒத்துப்போகும் என்பது தவறான எண்ணம்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், கடித்த இடத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே கிளினிக்கிற்குப் போங்கள். மலேசியா 2012இல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் அந்த நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆகவே 'நம்ம நாய்தானே' என்று விட்டுவிடலாகாது.

மருத்துவர் தைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. இனி ஆறு வாரம் வைத்தியம் பார்ப்பது வீடுதான்.

எலும்பு எப்படிக் கூடுகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு அதில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற ஒரு பிணைப்பு உண்டாகிறது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக அது கெட்டி எலும்பாக மாறுகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு மூன்று நான்கு வாரத்திலேயே கூடிவிடலாம். வளர்ந்த நாய்க்கு ஆறிலிருந்து எட்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல். இங்கேதான் பெரிய ஏமாற்றம் நேர்கிறது. பத்தாம் நாள் வலி குறையும். நாய் காலை ஊன்றும், வாலை ஆட்டும், வெளியே விடச் சொல்லி முனகும். பிள்ளைகள் 'சரியாகிவிட்டது' என்று அவிழ்த்து விடுவார்கள். அது, சிமெண்டு பூசிய தரையில் ஈரம் காய்வதற்குள் நடப்பது போன்ற காரியம். ஒரே ஒரு பாய்ச்சல் போதும், மெத்தென்ற பிணைப்பு மறுபடி பிரிந்துவிடும். இரண்டாவது முறை கூடுவது முதல் முறையைவிடக் கடினம். எனவே எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும் வரையில், நின்று திரும்பும் அளவுக்கு மட்டும் இடமுள்ள ஒரு கூண்டிலோ, கம்பி வலை அடித்த மூலையிலோ நாய் இருக்கட்டும். மலசலத்துக்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கூட்டிப் போய், உடனே திரும்புங்கள். பாவம் பார்த்து அவிழ்த்துவிடுவது நாய்க்குச் செய்யும் துரோகம் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

கட்டுப் போட்ட காலின் விரல்களை நாளுக்கு இரண்டு முறை தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மழையில் வெளியே போகும்போது மட்டும் கட்டின்மேல் பிளாஸ்டிக் பை மாட்டுங்கள். உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர்வையில் தோல் அழுகும். புண்ணை நக்கினால் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. நக்கினால் தையல்தான் அவிழும். அடிப்பக்கம் வெட்டிய சிறு பிளாஸ்டிக் வாளியை, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டினால் வாய் புண்ணுக்கு எட்டாது. இரண்டு நாள் வீட்டுச் சாமான்களில் முட்டிக்கொள்ளும்; பழகிவிடும்.

நம் நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் புண்ணுக்கு எமன் ஈதான். சாதாரண ஈ ஒருபுறமிருக்க, திருகுப்புழு ஈ என்று ஒன்று மலேசியாவில் உண்டு. அது காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுச் செல்கிறது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிகிறது. புழுக்கள் தலைகீழாக, திருகாணி போல, உயிருள்ள சதைக்குள் இறங்கி ஏறக்குறைய ஒரு வாரம் தின்கின்றன. வெளியே சின்ன ஓட்டை. உள்ளே பெரிய குழி. அதனால் காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, மாலையில் வந்து ஒரு தடவை, வெளிச்சத்தில் வைத்துக் காயத்தைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை நிறத்தில் அடையாகத் தெரிந்தால் அது முட்டை. புழுவைக் கண்டதும் பலர் பாச்சை உருண்டையையோ கற்பூரத்தையோ பொடித்துப் புண்ணுக்குள் அடைப்பார்கள். புழு சாகலாம்; ஆனால் நாய் அதை நக்கினால் விஷம் நாய்க்கும் ஏறும். இதற்கென்று மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் நாயின்மேல் ஒரு பழைய கொசுவலையைப் போட்டு வைத்தால், ஈயின் தொல்லை பாதி தீரும்.

தீனிக்குத் தனிச் செலவு வேண்டாம். குழைந்த சோறு, முள் எடுத்த மீன், எலும்பில்லாத கோழி, ஒரு முட்டை. மிளகாயும் வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பை ஊற்றாதீர்கள். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

முதுகில் அடிபட்ட நாய்க்குப் பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும். தானாகப் புரள முடியாததால் நான்கு மணிக்கு ஒரு முறையாவது மறுபக்கம் திருப்பிப் போட வேண்டும். இல்லையேல் இடுப்பெலும்பு அழுந்திப் படுக்கைப் புண் வரும். சிறுநீர் தானாகப் பிரியாவிட்டால் வயிற்றை அமுக்கி எடுக்கும் முறையை மருத்துவரே கையைப் பிடித்துக் காட்டித் தர வேண்டும்; நீங்களாக முயலாதீர்கள். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், யார் எந்த நேரம் பார்ப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். எல்லாப் பாரத்தையும் அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். திருப்பிப் போடுவதையும் தண்ணீர் வைப்பதையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு சேர்ந்து செய்யலாம்.

சில சமயம் காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். கம்பியில் மாட்டி இரத்த ஓட்டம் நின்றுபோன காலுக்கு அதுதான் வழி. 'நொண்டி நாயை வைத்து என்ன செய்வது?' என்று கேட்டுவிடாதீர்கள். நாய் தன் பாரத்தை நான்கு காலில் சுமப்பதால், ஒன்று போனாலும் மீதி மூன்றில் சமாளித்துக்கொள்ளும், ஓடவும் செய்யும். வைத்தியத்தால் பயனில்லை, வலி தீராது என்று மருத்துவர் சொன்னால், ஊசி போட்டு வலியில்லாமல் போகவிடுவதும் கருணைதான். தூரத்துச் சாலையில் இறக்கிவிட்டு வருவது அப்படியல்ல. 2017இல் நடைமுறைக்கு வந்த மலேசிய விலங்கு நலச் சட்டம், வளர்க்கிற விலங்கைக் காயம், வலி, நோய் ஆகியவற்றிலிருந்து காக்கும் கடமையை உரிமையாளருக்கே வைத்திருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன்பே நம்மவர்கள் நாயை மறந்தவர்கள் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், பல்லவர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயையும் அந்தக் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்வர்களைக் கடித்துக் காவல் இருந்ததையும் எழுதி வைத்தார்கள். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறி வந்தது அந்த வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்துதான்.

ஆறாவது எட்டாவது வாரத்தில் மருத்துவர் 'இனி நடக்கவிடலாம்' என்பார். முதல் சில நாள் கயிற்றோடு ஐந்து நிமிடம், சமமான புல்தரையில். பிறகு பத்து நிமிடம். மாடிப்படியும் சறுக்குகிற சிமெண்டுத் தரையும் வேண்டாம். கால் மெலிந்திருக்கும், நடக்க நடக்கச் சதை வைக்கும். குலை லாரியின் சத்தம் கேட்டதும் முன்போலவே பின்னால் ஓடப் பார்க்கும். கயிற்றை விட்டுவிடாதீர்கள்.