ஒரே பகலில் மூன்று ஊர்கள்

இத்தாலி என்றதும் ரோமாபுரியும் வெனிஸ் படகுகளும்தான் நம் நினைவுக்கு வரும். கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட தோழிகள் நாலு பேர் ஃப்ளாரன்ஸ் நகரில் தங்கியபோது, ஒரு நாளைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கென்று ஒதுக்கினோம். காலையில் பஸ்ஸில் ஏற்றி, சியெனா, சான் ஜிமிஞானோ, பீசா மூன்றையும் காட்டி, இரவில் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா. கூடவே ஒரு வழிகாட்டிப் பெண். வசதிதான். ஆனால் எந்த ஊரிலும் நமக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான்.

போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். பழைய ஊர்களுக்குள் பஸ் போகாது. மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டால், கல் பாவிய ஏற்றத் தெருக்களில் நடைதான். அழகுச் செருப்பெல்லாம் வேண்டாம். நன்றாகப் பழகிய ஷூ போதும். கைப்பையில் சில்லறை இருக்கட்டும், கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள். தோளை மூடாமல் மாதா கோயிலுக்குள் விட மாட்டார்கள். புடவைக்காரிகளுக்கு அந்தக் கவலை இல்லை!

சியெனா, ஃப்ளாரன்ஸிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஊர் நடுவே 'காம்போ' என்ற மைதானம், சிப்பியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் இங்கே குதிரைப் பந்தயம். ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. நத்தை, வாத்து, ஆமை, முள்ளம்பன்றி என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சின்னம். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு நீரூற்று உண்டு. பேட்டையில் குழந்தை பிறந்தால், கோயில் ஞானஸ்நானம் தனி. இந்த நீரூற்றில் நீர் தெளித்துப் பேட்டைப் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வது தனி. அது முடிந்ததும் பேட்டை நிறத்தில் ஒரு கழுத்துத் துணி கட்டிவிடுவார்களாம்.

கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பளிங்குக் கோயிலைக் காட்டிவிட்டு, "இனி ஒரு மணி நேரம் உங்களுடையது" என்றாள் வழிகாட்டி. ஒருத்தி தோல் பை வாங்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி கோபுரம் ஏறலாம் என்றாள். எங்களில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் மட்டும் கோயிலுக்கு எதிரே இருந்த நீளமான கட்டடத்தைக் காட்டி, "அது பழைய ஆஸ்பத்திரியாம்டி. பையை எங்கேயும் வாங்கிக்கலாம், வாங்கடி" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள்.

சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்று பெயர். ஐரோப்பாவின் மிகப் பழைய மருத்துவமனைகளில் ஒன்று. இப்போது அருங்காட்சியகம். ரொம்பப் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களிலும் இங்கே நோயாளிகள் இருந்தார்கள். எழுத்தாளர் இடாலோ கால்வினோ 1985-ல் இறந்தது இங்கேதான்.

உள்ளே நீண்ட கூடம் ஒன்று. இரண்டு பக்கச் சுவர்களிலும் 1440-களில் தீட்டிய பெரிய ஓவியங்கள். ராஜா ராணி இல்லை. ஆஸ்பத்திரியின் அன்றாட வேலைதான்! தொடையில் வெட்டுக்காயம் பட்டவன் ஒருவன், அவனுக்குக் கால் கழுவிவிடுகிறார்கள். வைத்தியர்கள் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரைப் பார்க்கிறார்கள். கீழே ஒரு நாயும் பூனையும் சண்டை. "எங்க வார்டிலேயும் பூனை வரும்" என்றாள் தோழி.

அடுத்த ஓவியத்தில் குழந்தைகள். வளர்க்க வழியில்லாமல் விட்டுப்போன சிசுக்களை இந்த மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. பால் கொடுக்கும் செவிலித்தாய்கள், பாடம் சொல்லும் வாத்தியார், வளர்ந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஒரே சுவரில் ஒரு முழு வாழ்க்கை. பெண்ணுக்குச் சீதனமும் மருத்துவமனையே கொடுத்தது. கூடத்தின் கோடியில், 1570-களில் வரைந்த இரண்டு ஓவியங்கள் உண்டு. ஒன்றில் செவிலித்தாய்களுக்குச் சம்பளமாகத் தானியம் அளக்கிறார்கள். மற்றதில் பணம் எண்ணுகிறார்கள். தாய்ப்பாலை இரவல் கொடுப்பதும் ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று சுவரிலேயே எழுதி வைத்த ஊர்! சோறாக்குவதும் பிள்ளை வளர்ப்பதும் வேலையே இல்லை என்று நினைப்பவர்களைக் கூட்டிவந்து காட்டலாம் போல இருந்தது எனக்கு.

வெகுநேரம் நின்றுவிட்டோம். கோபுரம் ஏறவில்லை. பையும் வாங்கவில்லை.

மதியச் சாப்பாடு சான் ஜிமிஞானோ பக்கத்தில். இந்தப் பகுதி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் கடியில் எல்லோர் முகமும் போன போக்கு! ஆனால் 'ரிபொல்லித்தா' என்று ஒரு சூப் வந்தது. மறுபடி கொதிக்க வைத்தது என்று அர்த்தம். மீந்துபோன ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கீரை எல்லாம் போட்டு, மறுநாள் திரும்பக் காய்ச்சுவது. நாம் பழங்குழம்பைச் சுண்ட வைக்கிறோமே, அந்தப் புத்திதான். சைவர்கள் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஊரில் ஒரு காலத்தில் 72 கல் கோபுரங்கள் இருந்தனவாம். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. இப்போது 14 மிச்சம். கிணற்றடியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பீசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? 1173-ல் கட்ட ஆரம்பித்தது. 1990-ல் மூடி, சாயாத பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சற்றே நிமிர்த்தி, 2001 டிசம்பரில் திறந்தார்கள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை மேலே ஏற விடுவதில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் புல்வெளியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் நர்ஸ் தோழி வழிகாட்டியிடம், "பிள்ளையை விட்டுப்போன தாய் அப்புறம் தேடி வர மாட்டாளா?" என்று கேட்டாள். "நாளைக்கு ஃப்ளாரன்ஸில் இன்னொசென்ட்டி போய்ப் பாருங்கள்" என்றாள் அவள்.

மறுநாள் போனோம். புருனெல்லெஸ்கி வடிவமைத்த அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கு 1445 பிப்ரவரியில் முதல் சிசு வந்தது. ஒரு பெண் குழந்தை. வெளியே வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில் துணி சுற்றிய குழந்தைச் சிற்பங்கள். குழந்தையை உள்ளே விடும் ஜன்னலை 1875-ல் மூடிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றைத் திறந்தேன். பாதியாக வெட்டிய ஒரு பதக்கம் இருந்தது. பிள்ளையோடு ஒரு பாதியை வைத்துவிட்டு, என்றைக்காவது அடையாளம் காட்டி அழைத்துப்போக மறு பாதியைத் தாய் எடுத்துப்போவாளாம். அடுத்த இழுப்பறையை நர்ஸ் தோழி திறந்தாள். அதிலும் ஒரு பாதிதான்.