மீன் தொட்டிக்கு டியூப்லைட்: எதை வாங்குவது, எப்படிப் பாதுகாப்பாக மாட்டுவது?

சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போய் 2 அடி தொட்டி, ஃபில்டர், கூடவே நாலைந்து ஜோடி கப்பி மீன் எல்லாம் வாங்கி வந்தாச்சு. அடுத்த கேள்வி லைட். 'வீட்டுல சும்மா கிடக்குற டியூப்லைட்டை மேல வெச்சுட்டா போதாதா?' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

போதாது. தப்பான லைட்டைப் போட்டால் சில வாரங்களில் தொட்டி முழுக்கப் பாசி பிடிக்கும், அதைக்கூடக் கழுவிவிடலாம். ஆனால், தண்ணீருக்கு நேர் மேலே தப்பாக மாட்டிய லைட் உயிருக்கே ஆபத்து. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

லைட் யாருக்கு? மீனுக்கா, செடிக்கா?

மீனுக்குப் பெரிய வெளிச்சம் தேவையில்லை. பகல், இரவு வித்தியாசம் தெரிந்தால் போதும். தொட்டியில் லைட் போடுவது பெரும்பாலும் நாம் மீனைப் பார்த்து ரசிக்கத்தான்.

செடி இருந்தால் கதையே வேறு. அதற்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஆனால், எல்லாச் செடிக்கும் ஒரே அளவு கிடையாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். சிவப்பு இலைச் செடிகள், தரையில் புல்வெளி மாதிரி படரும் செடிகள் ஆகியவற்றுக்கு அதிக வெளிச்சம் வேண்டும், அதோடு கார்பன் டை ஆக்சைடும் உரமும் வேண்டும். அவை இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால், வளரப்போவது செடி இல்லை, பாசிதான்.

டி8, டி5... இது என்ன கணக்கு?

'டி'க்குப் பின்னால் வரும் எண் டியூபின் தடிமன். ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எண்ணுகிறார்கள். டி8 என்றால் 8 பங்கு, அதாவது ஓர் அங்குலம் (சுமார் 26 மி.மீ.). டி5 என்றால் 5 பங்கு (16 மி.மீ.).

தொட்டிகளுக்கு வரும் டி5 டியூப்களில் 'ஹை அவுட்புட்' வகை அதிகம். ஏறக்குறைய ஒரே நீளத்தில் டி8 டியூப் 18 வாட் என்றால், இது 24 வாட். வெளிச்சம் கூடுதல், சூடும் கூடுதல்.

2 அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 54 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மீன் மட்டும், அல்லது மீனோடு எளிய செடிகள் என்றால் 15 முதல் 18 வாட் டி8 டியூப் ஒன்று போதும். அதிக வெளிச்சம் கேட்கும் செடிகள் என்றால் 24 வாட் டி5 இரண்டு தேவைப்படும். தினமும் 8 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு முதல் வகைக்குச் சுமார் 4 யூனிட், இரண்டாவதற்குச் சுமார் 12 யூனிட் மின்சாரம் ஆகும்.

டியூபின் மேல் '865' என்று இருக்கிறதா?

கடையில் கேட்க வேண்டிய எண் இதுதான். முதல் இலக்கமான 8, நிறங்கள் ஓரளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. அடுத்த 65 என்பது 6,500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை. செடிக்கும் சரி, கண்ணுக்கும் சரி, இது நன்றாகவே இருக்கும். '830' என்றால் 3,000 கெல்வின், மஞ்சள் வெளிச்சம்.

ரோஸ் நிறத்தில் எரியும் சில ஸ்பெஷல் டியூப்கள் சிவப்பு மீன்களை எடுப்பாகக் காட்டும். அழகுக்கு வாங்கலாம், அவசியம் இல்லை.

2 அடி தொட்டிக்கு 2 அடி டியூப் சரியா வருமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 18 வாட் டி8 டியூபின் நீளம், முனையில் இருக்கும் பின்களோடு சேர்த்து சுமார் 60 செ.மீ. இரண்டு பக்கமும் ஹோல்டர் வேறு வரவேண்டும். 60 செ.மீ. தொட்டியின் மூடிக்குள் அது அடங்காது. மூடிக்குள் மாட்டுவதாக இருந்தால் 15 வாட் டி8 (சுமார் 45 செ.மீ.) அல்லது 24 வாட் டி5 (சுமார் 55 செ.மீ.) பாருங்கள். ஹோல்டரையும் சேர்த்து அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

* வீட்டு ஃபிட்டிங் வேண்டாம்: சுவரில் மாட்டும் இரும்பு ஃபிட்டிங்கைத் தொட்டியின் விளிம்பில் வைக்காதீர்கள். ஈரத்தில் துருப்பிடிக்கும், உள்ளே வயர் பழுதானால் வெளிப்பகுதியிலும் ஷாக் அடிக்கலாம். டியூபின் முனையை இறுக்கமாக மூடும் ரப்பர் கேப் கொண்ட, தொட்டிக்கென்றே வரும் ஃபிட்டிங்கை வாங்குங்கள்.
* சோக் வெளியே இருக்கட்டும்: சோக் அல்லது பேலஸ்ட் தனியாக வந்தால், அதை மூடிக்குள் வைக்காமல் தண்ணீர் தெறிக்காத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.
* நடுவில் கண்ணாடி: தண்ணீருக்கும் லைட்டுக்கும் இடையே ஒரு கண்ணாடி மூடி இருந்தால் மீன் துள்ளினாலும் தண்ணீர் லைட்டில் படாது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இதில் வெள்ளைப் படலம் படியும். துடைக்காவிட்டால் வெளிச்சம் குறைந்துவிடும்.
* ரிஃப்ளெக்டர்: டியூப் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். மேலே பளபளப்பான தகடு இல்லாவிட்டால் மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் வீண்தான்.
* வயர் தொங்கட்டும்: பிளக்குக்குப் போகும் வயர், பிளக் பாயின்ட்டைவிடக் கீழே இறங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.
* ஆர்சிசிபி: எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் உள்ள லைனில்தான் தொட்டியின் பிளக் இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் அது உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: தண்ணீருக்குள் கை விடும் முன் லைட், ஹீட்டர், ஃபில்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

எத்தனை மணி நேரம் எரியலாம்?

புதுத் தொட்டி என்றால் 6 மணி நேரத்தில் ஆரம்பியுங்கள். செடி நன்றாகப் பிடித்த பிறகு 8 மணி நேரமாக்கலாம். பாசி தலைகாட்டினால் ஒரு மணி நேரம் குறையுங்கள், அல்லது லைட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஆபீஸ் போகிறவர்கள் ஒரு டைமர் வாங்கி மாட்டிவிட்டால் தினமும் ஒரே நேரத்தில் எரிந்து அணையும்.

பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. இருட்டில் திடீரென்று தொட்டி லைட் எரிந்தால் மிரண்டு ஓடும். முதலில் அறையின் லைட்டைப் போடுங்கள், சில நிமிடம் கழித்துத் தொட்டி லைட்டைப் போடுங்கள். இரவில் முழு இருட்டு இருக்கட்டும், மீனுக்கும் ஓய்வு வேண்டும்.

எப்போ மாத்தணும்? உடைஞ்சா என்ன செய்றது?

டியூப் எரிகிறது என்பதாலேயே அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும், நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் செடி வளர்ப்பவர்கள் பலரும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். மீன் மட்டும் என்றால் அவசரமில்லை.

டியூபுக்குள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். வேக்யூம் க்ளீனர் வேண்டாம், துடைப்பமும் வேண்டாம். அட்டையால் அள்ளி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். உடையாத பழைய டியூபும் மின்னணுக் கழிவுதான், குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

அப்போ எல்இடிக்கே போயிடலாமா?

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது. சாதாரண வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்த, 2023-ல் ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில் நாடுகள் ஒப்புக்கொண்டன. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தத் தடை இல்லை. ஆனால், மாற்று டியூப் கிடைப்பது போகப் போகக் கஷ்டமாகலாம்.

ஆகவே, நல்ல ஃபிட்டிங் கையில் இருந்தால் டியூப் மட்டும் மாற்றி ஓட்டுங்கள். எல்லாமே புதிதாக வாங்குவதென்றால் எல்இடிதான் புத்திசாலித்தனம். பழைய ஃபிட்டிங்கில் எல்இடி டியூபை அப்படியே செருகாதீர்கள், பல மாடல்களுக்கு வயரிங்கை மாற்ற வேண்டியிருக்கும், அதை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். எல்இடியே ஆனாலும் கண்ணாடி மூடி, தொங்கும் வயர், ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம்.